மாடி வெயில் யாருக்கு?

பாத்து, பாத்து! காலை அங்க வெக்காத தம்பி. வத்தல் காயுற அந்த வேட்டியை மிதிச்சுட்டினா நான் மன்னிச்சாலும் கீழ ஒருத்தி உன்னை மன்னிக்க மாட்டா. சுவத்தோரமா வா. ஆங், அப்படித்தான். செருப்பைக் கழட்டாத, தரை கொதிக்குது. எங்க ஊரு வெயில் உனக்குத் தெரியாததா? டிவில சேதி முடியறப்ப, இன்னிக்கு எங்க அதிக வெயில்னு சொல்றான் பாரு, அதுல வேலூர் பேரு வரலைனா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். இவ்ளோ கஷ்டப்பட்டும் பேரு வரலையேன்னு.

ஒயர் எங்கேருந்து இழுக்கணும்? அந்தக் கம்பத்துல இருந்தா? இழு. ஆனா வத்தலுக்கு மேல போகக் கூடாது, சொல்லிட்டேன். ஒயர் இருந்தா அதுல காக்கா ஒக்காரும். இன்டர்நெட்டெல்லாம் நான் கேக்கலப்பா. பையன் புனேல இருந்து போட்டுக் குடுக்கிறான். முகத்தைப் பாத்துப் பேசணுமாம். இந்த முகத்தைப் பாத்து இன்னா பண்ணப் போறானோ.

இன்னா கேட்ட? இந்த உச்சி வெயில்ல ஏன் ஒக்காந்துக்கினு இருக்கேனா? காத்து வாங்குறேன்.

சிரிக்காத. சரி, காத்து இல்ல. காவல்னே வெச்சுக்கோ. காக்கா காவல். ஆனா ஒண்ணு நல்லாத் தெரிஞ்சுக்கோ. இது எனக்கு யாரும் போட்ட தண்டனை இல்ல. ஒப்பந்தம். சண்டை நடந்துச்சு, ஒப்பந்தம் ஆச்சு, அதுல ஜெயிச்சவன் நான்.

குடையா? குடை எனக்கில்லப்பா. கறுப்புக் குடையை விரிச்சு வத்தல் பக்கத்துல வெச்சா காக்கா கிட்ட வராது. எனக்குத்தான் தலையில ஈரத் துண்டு இருக்குதே.

நான் சர்வேயர். ஏகாம்பரம்னு பேரு. ரிட்டயர் ஆயாச்சு, ஆனா சர்வேயர் எப்பவும் சர்வேயர்தான். வாலாஜா, ஆற்காடு, ஆரணி, இந்தப் பக்கம் என் சங்கிலி படாத நிலம் கெடையாது. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அரிவாளோட நிப்பான். நான் நடுவுல போயி அளந்து, கல்லை நட்டுட்டு வந்துடுவேன். அதோட வாயை மூடிக்கினு வீட்டுக்குப் போயிடுவான். எப்பேர்ப்பட்ட சண்டையா இருந்தாலும் அதுக்குள்ள ஒரு எல்லைக் கோடு இருக்கும் தம்பி. அதைக் கண்டுபிடிச்சுட்டா முடிஞ்சுது. வீட்டுச் சண்டைக்கும் அதேதான்.

கோடைக்கு வீட்டைத் தயார் பண்றதுல என்னை மிஞ்ச இந்தத் தெருவுல ஆளில்ல. பங்குனி பொறக்கும்போதே ஆரம்பிச்சுடுவேன். மாடித் தரைக்குச் சுண்ணாம்பு. தண்ணித் தொட்டியைச் சுத்திக் கோணி. சன்னலுக்கெல்லாம் கோணி, அதுக்கு ஒரு வாளித் தண்ணி, காயக் காயத் தெளிக்கணும். காலையில வெயில் வாசப்படி ஏறுறதுக்குள்ள கதவு சன்னல் எல்லாத்தையும் சாத்திடணும். பொழுது சாஞ்சப்புறம்தான் தொறக்கணும். வெயில் ஏறிட்டா அப்புறம் வீட்ல அடுப்பு எரியக் கூடாது. டீ வேணும்னா ஃபிளாஸ்க்ல இருக்கும், ஊத்திக் குடிச்சுக்கலாம். யாராவது பெல் அடிச்சாங்கன்னா கதவை ஒரு ஆளு நுழையற அளவு தொறந்து, சட்டுனு உள்ள இழுத்துக்கணும். என் மச்சினிச்சி ஒரு தடவை வாசப்படியிலேயே நின்னு பேசிக்கினே இருந்தா. அனல் உள்ள வருதுன்னு கதவைச் சாத்திட்டேன். அவ வெளிய நின்னுட்டா. அன்னியிலருந்து எங்கிட்டப் பேசறதில்ல. வெயில் காலத்துல இதெல்லாம் சகஜம்.

ஆனா கீழ போயிப் பாரு, வீடு அப்படியே குளுகுளுன்னு இருக்கும். ஏசி இல்லாமலே. ஒண்ணு, கொஞ்சம் இருட்டா இருக்கும். முட்டிக்காமப் போ.

அவ பேரு மங்கையர்க்கரசி. மங்கைன்னு கூப்புடுவேன். அவளும் பங்குனியிலதான் ஆரம்பிப்பா. ஆனா கூத்தைக் கேளு. நான் வெயிலை வெளிய தள்ளணும்னு பாடுபடுறேன், அவ எப்படா வெயில் வரும்னு வாசல்ல போயி வானத்தைப் பாக்குறா. மேகம் வந்தா எனக்குச் சந்தோஷம், அவளுக்கு முகம் சுண்டிடும். கூழ் வத்தல், மோர் மிளகாய், சின்ன வெங்காயத்தை உருட்டித் தாளிக்கிற வடகம், மெளகாத்தூளுக்கு மெளகா, கொத்தமல்லி, புளி. காய வெக்கிறதுக்கு எதுவும் இல்லைனா தலைகாணியைத் தூக்கிக்கினு வந்துடுவா. ஒரே வீட்ல ஒருத்தன் வெயிலுக்குக் கதவைச் சாத்துறான், ஒருத்தி பாய் விரிக்கிறா. எங்க கல்யாணம் அப்படிப்பட்டது.

சண்டை வராம ஓடிக்கினு இருந்துச்சு. எப்படின்னா, எல்லை தெளிவா இருந்துச்சு. வீடு எனக்கு, மாடி அவளுக்கு.

வத்தல் போடுற அன்னிக்கு விடியறதுக்கு முன்னாலயே அவ எந்திரிச்சுடுவா. அரிசி மாவும் சவ்வரிசியும் அண்டாவுல கொதிச்சு வரும் பாரு, பச்சமெளகாயும் பெருங்காயமும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு. அந்த வாசனைக்கே நான் எந்திரிச்சுடுவேன். வத்தல் போடுறதுக்கு முன்னாடி, மொத கரண்டிக் கூழை ஒரு டம்ளர்ல ஊத்தி எனக்குக் குடுப்பா. உப்பு பாக்கிறதுக்கு. அது எனக்குன்னே இருக்கிற உத்தியோகம். ஊதி ஊதிக் குடிச்சுட்டு, 'ஒரு கல்லு உப்பு கம்மி'ன்னு சொல்லுவேன். கம்மியா இருக்குதோ இல்லியோ, சொல்லுவேன். அதிகாரின்னா ஏதாவது ஒண்ணு சொல்லணும். அவளும் ஒரு கல்லு போட்டுக் கெளறுவா. அப்பால என் வேட்டியை நனைச்சு மாடியில விரிச்சு, கரண்டி கரண்டியா ஊத்துவா. ஆமா, இது என் வேட்டிதான். ரிட்டயர்மென்ட் அன்னிக்கு ஆபீஸ்ல குடுத்தது. கேட்டா, 'இதுதான் நல்லா உரிஞ்சு வருது'ங்கிறா.

போன வருஷம் கத்திரி வெயில். நான் கீழ ஹால்ல கோணிக்குத் தண்ணி தெளிச்சுக்கினு இருக்கேன். மேல தொப்புன்னு ஒரு சத்தம். அண்டாவைக் கீழ போட்டுட்டான்னு நெனச்சு, 'இன்னாடி ஒடச்ச?'ன்னு கத்துறேன். மாடி ஏறி வந்து பாத்தா, இந்தா, நீ நிக்கிறியே, அதே எடம். கையில கரண்டியோட கெடக்கிறா. கண்ணு மேல சொருகியிருக்கு. தரை சுட்டதுல இந்த முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் செவந்து போயிடுச்சு.

எப்படித் தூக்கினேன், எப்படிப் படி எறங்கினேன்னு எனக்குத் தெரியாது. தண்ணி தெளிச்சு, விசிறினேன், கண்ணைத் தொறந்து பாக்குறா. பாத்துட்டு மொத வார்த்தை இன்னா சொன்னா தெரியுமா? 'ஒண்ணுமில்ல, லேசா கண்ணு இருட்டிச்சு. வத்தலைக் காக்கா கொத்துது பாருங்க.'

பயந்துட்டேன் தம்பி. உங்கிட்டச் சொல்றதுக்கு இன்னா. அரிவாளுக்கு நடுவுல நின்னு அளந்தவன் நான், அன்னிக்கு அவளுக்கு மோர் குடுக்க டம்ளரைப் புடிக்க முடியல.

அவகிட்டச் சொன்னேனா? எதை? பயந்தேன்னா? அதை எதுக்குச் சொல்லணும்? நல்லாத் திட்டினேன். அது போதாதா?

இந்த வருஷம் பங்குனி பொறந்துச்சு. அவ அரிசியைக் களைய ஆரம்பிச்சா. நான் நேராச் சொல்லிட்டேன், இனிமே வத்தலும் வேணாம் வடகமும் வேணாம், கடையில பாக்கெட்ல விக்குது, வாங்கிக்கலாம்னு. அவ காதுலயே வாங்கல. பேசிப் பாத்தேன். சர்வேயர் பாரு, ஆதாரத்தோட பேசுவேன். 'உனக்கு எண்ணெயில பொரிச்சாலே நெஞ்செரிச்சல், ஒரு துண்டு தொட மாட்ட. பையன் புனேல சப்பாத்தி தின்னுக்கினு இருக்கான். அனுப்புனா மருமக ஃபோன்ல தேங்க்ஸ் அத்தைன்னு சொல்லிட்டு அலமாரியில வெச்சுடுறா, போன தடவை புனே போனப்ப நானே பாத்தேன். அப்புறம் யாரு திங்கிறான்னு இந்தப் பாடு படுற? சொல்லு, யாரு திங்கிறா?'

என்னையே பாத்துக்கினு நின்னா. அப்படி ஒரு பார்வை. அப்பால திரும்பிப் போயி அரிசியை ஊற வெச்சா. கேள்வின்னா அப்படிக் கேக்கணும், வாயடைச்சுப் போச்சு பாத்தியா?

வாயடைஞ்சுது, ஆனா கை நிக்கல. அதனால நான் வேற ஒரு யோசனை பண்ணினேன். வெயில்ல நிக்காதன்னு சொன்னா கேக்க மாட்டா. வெயிலே இல்லைனா?

அவ தங்கச்சி பேத்திக்கு ஆரணியில காதுகுத்து. காலையில போயிட்டு ராத்திரி வர்றதா இருந்துச்சு. அவ பஸ் ஏறினதும் பந்தக்காரரு முனிரத்தினத்துக்கு ஃபோனைப் போட்டேன். சவுக்குக் கழி, தென்னங்கீத்து, ரெண்டு ஆளு. சாயங்காலத்துக்குள்ள இந்த மாடி முழுக்கப் பந்தல். ஒரு பொட்டு வெயில் கீழ விழாது. அப்படி ஒரு நெருக்கம். நானே குறுக்குக் கோடு போட்டு அளந்து கழி நட வெச்சேன். முனிரத்தினம் கேக்குறாரு, 'மாடியில வத்தல் போடுவாங்களே, அம்மாகிட்டக் கேட்டீங்களா சார்?'ன்னு. அவங்களுக்காகத்தான்யா போடுறேன்னு சொன்னேன். அந்த ஆளு ஒரு மாதிரியாப் பாத்தாரு. பந்தக்காரனுக்கு இன்னா தெரியும்?

அவ ராத்திரி அலுத்துப் போயி வந்தா, மாடிப் பக்கமே போகல. நான் ஒண்ணும் சொல்லல. காலையில பாக்கட்டும், ஒரு சந்தோஷமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

விடியக் காலையில கூழ் வாசனை. எனக்கு டம்ளர் வரும்னு படுத்துக்கினே காத்திருக்கேன். அவ கூழ் சூடு ஆறக் கூடாதுன்னு அண்டாவைத் தூக்கிக்கினு நேரா மேல ஏறிட்டா. நானும் பின்னாலயே ஏறுறேன். வந்து நின்னு, மேல பாக்குறா. சுத்திப் பாக்குறா.

'இன்னா இது?'

'பந்தல்.'

'அது தெரியுது.'

அவ்ளோதான். பொம்பளைங்க கத்தினா சமாளிச்சுடலாம். இவ அண்டாவை இடுப்புல வெச்சுக்கினு, வேட்டியைத் தோள்ல போட்டுக்கினு, விடுவிடுன்னு கீழ எறங்கி, தெருவுல நடந்து, நேரா எந்த வீட்டுக்குள்ள போனா தெரியுமா?

அந்தா பக்கத்துல தெரியுது பாரு, பச்சைப் பெயின்ட் அடிச்ச வீடு. அதான் கோதண்டம் வீடு.

கோதண்டம் யாருன்னா, என் எதிரி. வேற எப்படிச் சொல்றது? இந்தக் காம்பவுண்டு சுவர் இருக்குதே, இதைக் கட்டும்போது என் பக்கம் ஒரு சாண் உள்ள வந்து கட்டிட்டான். நானே அளந்து பாத்தேன். ஊருக்கெல்லாம் கல்லு நட்டவன், என் எடத்துல ஒரு சாணை விட்டுக்குடுத்துட்டு ஒக்காந்துக்கினு இருக்கேன். கேட்டா, 'உங்க சங்கிலி தேஞ்சுருக்கும் சார்'னு சொல்றான். சங்கிலி தேஞ்சிருக்குமாம்! அன்னியிலருந்து அவன் மூஞ்சியில நான் முழிக்கிறதில்ல. அவன் பொண்டாட்டி சுலோசனாவும் இவளும் சேந்துதான் காய்கறி வாங்குறாங்க, அது வேற.

ஆக, என் மனைவி, என் வேட்டியை, என் எதிரி மாடியில விரிச்சுட்டா. நான் இங்க என் பந்தல் நிழல்ல நின்னு எட்டிப் பாக்குறேன். அவ அங்க வெயில்ல குனிஞ்சு வத்தல் ஊத்துறா. கோதண்டம் ஸ்டூல்ல ஒக்காந்து குச்சியால காக்கா ஓட்டுறான். சரி, போவுதுன்னு பொறுத்துக்கினு நிக்கிறேன். அப்பதான் அந்தக் கொடுமை நடந்துச்சு. சுலோசனா ஒரு டம்ளரைக் கொண்டாந்தா. இவ அண்டாவுல இருந்து ஒரு கரண்டி கூழை அதுல ஊத்தினா. அதை அவன் வாங்கி, ஊதி ஊதிக் குடிச்சுட்டு, தலையை ஆட்டுறான். 'உப்பு சரியா இருக்குதும்மா'ங்கிறான். எனக்குக் கேக்குது!

உப்பு சரியா இருக்குதாம். அவனுக்கு இன்னா தெரியும் உப்பைப் பத்தி?

இப்படியே ஒரு வாரம் போச்சு. காலையில எனக்குச் சோறு கொழம்பு எல்லாம் செஞ்சு மூடி வெச்சுட்டு அந்த மாடிக்குப் போயிடுவா. சாயங்காலம்தான் வருவா. பந்தல் போட்டப்புறம் வீடு எப்படி ஆயிடுச்சு தெரியுமா? அவ்ளோ குளிர்ச்சி. மத்தியானத்துல போத்திக்கலாம் போல இருக்கு. நான் மட்டும் ஹால்ல ஒக்காந்து கோணிக்குத் தண்ணி தெளிக்கிறேன், யாருக்குத் தெளிக்கிறோம்னே தெரியல. பெல் அடிச்சா பாதிக் கதவைத் தொறக்கிறேன், பேப்பர்காரன். எத்தினி வருஷமா எந்த வீட்டுக்கு ஆசைப்பட்டேனோ அந்த வீடு கெடச்சுடுச்சு. ஆனா உள்ள ஆளில்ல.

அதைக் கூடப் பொறுத்துக்குவேன். கோதண்டம் வீட்டு மாடிப்படி பாத்திருக்கியா? இரும்புப் படி. சுத்திச் சுத்தி ஏறும், திருகாணி மாதிரி. கைப்புடி ஒரு பக்கம்தான். அதுல இவ கொதிக்கிற அண்டாவோட ஏறுறா. நான் இங்க நின்னு ஒவ்வொரு படிக்கும் மூச்சைப் புடிச்சுக்கிறேன். போன வருஷம் விழுந்தது நம்ம மாடியில. தூக்க நான் இருந்தேன். அங்க விழுந்தா யாரு தூக்குவா? கோதண்டமா? அவன் அளந்து பாத்து, என் எடத்துல விழலன்னு சொல்லுவான்.

நெழல் குடுக்கலாம்னு பந்தல் போட்டேன். அவளை இன்னும் மோசமான வெயிலுக்கு அனுப்பி வெச்சுட்டேன். இது என் தப்புன்னு சொல்ல வரல. எந்தத் திட்டத்துலயும் நடைமுறையில சில சிக்கல் வரும், அவ்ளோதான்.

முனிரத்தினத்துக்குத் திரும்ப ஃபோன் போட்டேன். 'எடுத்துடலாமா சார்?'னு அவரே கேக்குறாரு, நான் வாயைத் தொறக்கல அதுக்குள்ள. எடுக்கிறதில்ல, பாதி எடுக்கிறோம்னு சொன்னேன். சமரசம்னா ரெண்டு தரப்புக்கும் பாதி பாதி. இந்தா பாரு, தரையில மங்கலா ஒரு சாக்பீஸ் கோடு தெரியுதா? நான் போட்டது. இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெயில், அவளுக்கு. இந்தப் பக்கம் நெழல், எனக்கு. சாயங்காலம் அவ வந்ததும் கூட்டிக்கினு வந்து காட்டினேன். 'பாதி விட்டுக் குடுத்துட்டேன். நாளையிலருந்து இங்கயே போடு'ன்னேன்.

அவ கோட்டைப் பாத்தா. என்னைப் பாத்தா. 'பாதி வெயில்ல காய்ஞ்சா பாதி வத்தல்தான் மொறுமொறுன்னு வரும். மீதியை நீங்க மென்னு தின்னுவீங்களா?'ன்னு கேட்டா. நான் ஏன் திங்கணும், சும்மா வாதத்துக்குக் கேக்குறா. ஆனா மறுநாள் காலையில எனக்கு டம்ளர் வந்துச்சு. கூழ். ஒரு வாரம் கழிச்சு. குடிச்சேன். உப்பு கொஞ்சம் கூடவே இருந்துச்சு. நான் வாயைத் தொறக்கல. அதிகாரி சில நேரம் பாத்தும் பாக்காம இருக்கணும்.

அப்பாலதான் ஒரு தொல்லை. காலையில கோடு சரியா இருக்குது. வெயில் மேல ஏற ஏற நெழல் நகருது. நகந்து நேரா வேட்டி மேல வந்து படுத்துக்குது. நிலத்துல எல்லை நகராது தம்பி. இது மாடி. சூரியன் எந்த சர்வேயருக்குக் கட்டுப்படுறான்? அவ எந்திரிச்சுப் போயி ஒரு கீத்தை உருவிட்டா. மறுநாள் இன்னொண்ணு. அடுப்புக்கு வேணும்னு ஒண்ணு. கேஸ் அடுப்புக்கு எதுக்குடி கீத்துன்னு கேட்டேன், சிரிச்சா. அவ சிரிச்சதைப் பாத்து ரொம்ப நாளாச்சா, நான் விட்டுட்டேன். அப்படியே ஒவ்வொண்ணா உருவி, இப்ப மிச்சம் இருக்கிறது இதுதான். படிக்கட்டு மேல ரெண்டு கழி, நாலு கீத்து.

நீ சிரிப்பேன்னு தெரியும். சிரி. ஆனா ஒப்பந்தத்தோட ரெண்டாவது பகுதியைக் கேக்கல நீ. மாடியை முழுசா எடுத்துக்கோ, ஆனா வெயில் ஏறினதும் நீ கீழ எறங்கிடணும், மேல நிக்கக் கூடாதுன்னு சொன்னேன். 'அப்ப காக்காவை யாரு ஓட்டுவா?'ன்னு கேட்டா. நான்னு சொன்னேன். வாய் தவறி வந்துடுச்சு. அவ டக்குனு புடிச்சுக்கினா.

ஆனா யோசிச்சுப் பாரு. இப்ப அவ எங்க இருக்கா? கீழ. கதவு சாத்தி, கோணி நனைச்சு, குளுகுளுன்னு நான் பண்ணி வெச்ச வீட்ல தூங்குறா. நான் நெனச்சது இதுதானே? அவ மேல வெயில் படக் கூடாது. படல. அப்ப யாரு ஜெயிச்சா?

அதான் சொன்னேன்.

போ, போ, காக்கா! பாத்தியா, பேச்சு குடுத்தா இதான். குடையைக் கண்டு பயப்படுற காக்கா எல்லாம் அந்தக் காலம். இப்ப வர்றது குடை மேலயே ஒக்காருது.

இரு, கீழருந்து குரல் வருது. இன்னாம்மா? ஆங்? குடிச்சேன். குடிச்சேன்னு சொல்றேன் இல்ல? துண்டு ஈரமாத்தான் இருக்குது. நீ இன்னும் தூங்கலையா?

கேட்டியா தம்பி? துண்டை நனைச்சுப் போட்டுக்கணுமாம். மோர் குடிக்கணுமாம். தலை சுத்தினா உடனே எறங்கி வந்துடணுமாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இதே பாட்டு. தூங்குன்னு அனுப்பினா படிக்குக் கீழ ஒக்காந்துக்கினு என்னையே கேட்டுக்கினு இருக்கா. எதுக்கு இப்படிப் பயப்படுறாளோ. அந்தச் சொம்புல மோர் இருக்குது, நீயும் ஊத்திக் குடி. உனக்கும் சேத்துத்தான் வெச்சிருக்கா.

இன்னா கேட்ட?

இவ்ளோ வத்தல் யாருக்கா?

நல்லாக் கேட்ட போ. இதைத்தான் நானும் அன்னிக்குக் கேட்டேன். அவளே பதில் சொல்லல. அவ தொட மாட்டா. பையன் திங்கிறதில்ல. மருமக அலமாரி. சுலோசனாவுக்கு ஒரு டப்பா போகும், அவ்ளோதான். மீதியெல்லாம் சமையக்கட்டு மேல் பரண்ல, தகர டின்னுல போட்டு மூடி வெச்சிருப்பா. ஐப்பசி வரைக்கும் அதுல கை வெக்க விட மாட்டா. மொத மழை பெய்யணும். மொத மழை அன்னிக்கு ரசம் வெச்சு, அந்த டின்னை எறக்கி, பொரிச்சு வெப்பா. அந்த நேரத்துல வத்தல் இல்லைனா எனக்குச் சோறு எறங்காது. சின்ன வயசுலருந்து அப்படி. தட்டுக்குப் பக்கத்துல ஒரு தாம்பாளம் நெறையப் பொரிச்சு வெச்சுட்டு எதிர்ல ஒக்காந்துக்கினு பாத்துக்கினே இருப்பா. நீயும் ஒண்ணு எடுன்னா வேணாம்பா. தை மாசம் வரைக்கும் தினமும். டின்னு காலியாகுற வரைக்கும். நான் ஒருத்தனே தான்…

நான் ஒருத்தனே தான் தின்னு தீப்பேன்.

இரு தம்பி. அந்த ஒயரைக் கொஞ்சம் இழுக்காம இரு.

அப்ப, போன வருஷம், அவ இந்த எடத்துல கரண்டியோட விழுந்தாளே… யாரு திங்கிறான்னு நான் வேற அவளை நிக்க வெச்சுக் கேட்டேனே…

இல்ல, ஒண்ணும் ஆகல. வெயில், கண்ணு கூசுது. நீ உன் வேலையைப் பாரு. அந்த ஸ்டூலை மட்டும் இப்படி நகத்திப் போடு. இன்னும் கிட்ட. வத்தல் பக்கத்துல.

மங்கை! ஏய் மங்கை!

இல்லம்மா, காக்கா இல்ல. தலை சுத்தல. எல்லாம் நல்லாத்தான் இருக்குது. சும்மாதான் கூப்பிட்டேன்.

ஒண்ணுமில்ல. நீ தூங்கு.